ஹோலியோக்: ஒரு பெயரின் பூர்வோத்தரம்

(வாசகசாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் உங்களில் அநேகருக்கு ஆச்சரியமாயிருக்கலாம். இங்கிலாந்து தேசத்தில் வழங்கும் ஒரு குடும்பப் பெயரைப் பற்றிப் பேசப் போகின்றோம். அதுவும் ஸ்மித், ஜோன்ஸ், பிரவுன் என்று தெருவுக்குப் பத்துப் பேர் வைத்துக்கொண்டிருக்கும் பெயர் அல்ல. "ஹோலியோக்" என்னும் பெயர். அந்தத் தேசத்திலேயே அபூர்வமாக, நடுநாட்டுப் பக்கமான லெஸ்டர்ஷயர், வாரிக்ஷயர் முதலிய ஜில்லாக்களிலும் பர்மிங்ஹாம் பட்டணத்திலுமே அதிகமாகக் காணப்படும் பெயர்.

"பெயருக்குப் பின்னால் இருக்கும் வாலை வெட்டுங்கள் என்று ஊர் ஊராய்ச் சொல்லுகிற நீங்கள், வெள்ளைக்காரனுடைய வாலைப் பற்றி விஸ்தாரமாய்ப் பேசுவானேன்?" என்று யாரும் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். அதற்குச் சமாதானம் இப்போதே சொல்லிவிடுகின்றோம். ஒரு பெயர் மனிதனைச் செய்கின்றதா, அல்லது மனிதன் பெயரைச் செய்கின்றானா என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்விக்கு இந்த ஒரு பெயரின் கதை பதில் சொல்லுகின்ற மாதிரி வேறு பெயரின் கதை சொல்லுவதை நாம் அதிகம் கண்டதில்லை. பெயரின் அர்த்தமோ சுத்த மூடநம்பிக்கை. அந்தப் பெயரைச் சுமந்த ஒரு தகர வேலைக்காரர் செய்த காரியமோ உலகத்தின் சட்டப் புஸ்தகங்களில் ஏறியிருக்கின்றது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகின்றோம்.

முதலாவதாக, இங்கிலாந்தில் குடும்பப் பெயர் என்பது எப்படி வந்தது என்று பார்ப்போம். அது ஆண்டவன் படைத்தபோதே ஒட்டி அனுப்பியதல்ல. 1066ம் வருஷத்தில் நார்மானியர்கள் அந்தத் தேசத்தை ஜெயிப்பதற்கு முன் பெரும்பாலான ஜனங்களுக்கு ஒரே பெயர்தான் உண்டு. நார்மானியர் வந்த பிறகு வில்லியம், ராபர்ட், ஜான் என்ற சில பெயர்களையே எல்லோரும் தங்கள் பிள்ளைகளுக்கு வைக்க ஆரம்பித்தார்கள். ஒரு கிராமத்தில் ஏழெட்டு ஜான் இருந்தால் வரி வாங்க வருகிற குமாஸ்தா என்ன செய்வான்? எந்த ஜான் கொடுத்தான், எந்த ஜான் பாக்கி என்று அவனுக்குத் தெரிய வேண்டுமல்லவா? ஆகவே "கொல்லன் ஜான்", "ராபர்ட் மகன் ஜான்", "குட்டை ஜான்", "குன்றடி ஜான்" என்று எழுதி வைத்தான். கொல்லன் ஜான் ஸ்மித் ஆனான். குன்றடி ஜான் ஹில் ஆனான். குட்டை ஜான் ஷார்ட் ஆனான். 1377, 1379, 1381 ஆகிய வருஷங்களில் தலைவரி போட்டபோது இம்மாதிரிப் பெயர்கள் ஜாபிதா ஜாபிதாவாக எழுதப்பட்டன. 1538ம் வருஷத்தில் ஞானஸ்நானம், கலியாணம், சாவு ஆகியவைகளை ஒவ்வொரு கோயில்பற்றிலும் புஸ்தகத்தில் எழுத வேண்டுமென்று உத்தரவாயிற்று. அதன் பிறகு தகப்பன் பெயர் பிள்ளைக்கும், பிள்ளை பெயர் பேரனுக்கும் என்று நிலைத்துவிட்டது.

ஆகவே தோழர்களே, குடும்பப் பெயர் என்பது வரிக் குமாஸ்தாவும் பாதிரியும் தங்கள் சௌகரியத்துக்காகக் கட்டிய அடையாளச் சீட்டேயொழிய வேறல்ல. ஸ்மித் என்ற பெயருள்ளவர் இன்று வக்கீலாக இருக்கலாம், வைத்தியராக இருக்கலாம், பாதிரியாகவும் இருக்கலாம். "உன் பெயர் கொல்லன் என்று இருக்கின்றது, நீ உலைக்களத்துக்குப் போ" என்று அவரை யாரும் துரத்துவதில்லை. "நீ கொல்லன் வீட்டில்தான் பெண் எடுக்க வேண்டும்" என்று சொல்லுவதுமில்லை. அங்கே பணத் திமிர் இல்லையா, பிரபுக்கள் இல்லையா என்றால், ஏராளமாய் இருந்தார்கள். ஆனால் அந்தத் திமிரைப் பெயரின் வாலில் கட்டி, அதற்கு வேத சாஸ்திர ஆதாரம் கற்பித்து வைக்கவில்லை. 1929ம் வருஷம் செங்கற்பட்டில் கூடிய நமது முதலாவது மாகாண மகாநாட்டில் ஜாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டுமென்று தீர்மானித்தது, நம் பெயர் வால்களில் இருந்த விஷம் அங்குள்ள வால்களில் இல்லாததை விடப் பெரிதாயிருந்ததினால்தான்.

நிற்க, ஹோலியோக் என்ற பெயருக்கு வருவோம்.

இதில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. பழைய ஆங்கில பாஷையில் "ஹாலிக்" என்றால் பரிசுத்தமான என்று அர்த்தம். "ஆக்" என்றால் ஓக் மரம். இரண்டும் சேர்ந்து பரிசுத்த ஓக் மரம் என்றாயிற்று. அப்படிப்பட்ட ஒரு மரத்தண்டையில் குடியிருந்தவன், அல்லது அந்த மரத்தினால் பெயர் பெற்ற ஊரிலிருந்து வந்தவன், ஹோலியோக் ஆனான். பரிசுத்தம் என்பதற்கு இன்றைய இங்கிலீஷில் "ஹோலி" என்று நீட்டிச் சொல்லுகின்றார்கள். ஆனால் இந்தப் பெயரைச் சிலர் "ஹாலி" என்று குறுக்கிச் சொல்லுவதும், அதற்கேற்ப எழுத்தைக் கூட்டி எழுதுவதும் உண்டு. இதில் அதிசயமில்லை. நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆசையோடு எதிர்பார்க்கும் "ஹாலிடே" என்ற சொல்லும் இப்படித்தான். பரிசுத்த நாள் என்பதே குறுகி, விடுமுறை நாள் ஆயிற்று. பரிசுத்தம் போய்விட்டது, லீவு மாத்திரம் நின்றது! இதுபோலவே பரிசுத்தக் கிணற்றடியில் இருந்தவன் ஹாலிவெல் ஆனான். பரிசுத்த நாளில் பிறந்தவன் ஹாலிடே ஆனான். மரம், கிணறு, நாள் ஆகிய எல்லாவற்றிலும் சாமி இருந்த காலத்துப் பெயர்கள் இவை.

ஒரு மரத்துக்கு எப்படிப் பரிசுத்தம் வந்தது? இதைக் கொஞ்சம் நிதானமாய் யோசித்துப் பார்க்க வேண்டும்.

கிறிஸ்து மதம் வருவதற்கு முன் ஐரோப்பாவின் வட பாகத்தில் ஓக் மரம் இடி தேவனுக்கு உரியதாகக் கருதப்பட்டது. உயர்ந்து வளரும் மரம். இடி அதிகமாய் விழும் மரம். ஆகவே இடி தேவன் அதில் இறங்குகின்றான் என்று எண்ணிவிட்டார்கள். ஜெர்மனியில் கெய்ஸ்மார் என்ற இடத்தில் அப்படி ஒரு மரம் இருந்தது. சுமார் 723ம் வருஷத்தில் போனிபேஸ் என்னும் பாதிரியார் கோடரியை எடுத்து அதை வெட்டித் தள்ளினார். இடி விழவில்லை. தேவன் வரவில்லை. "ஆ! இந்த மரத்தில் சாமி இல்லை" என்று ஜனங்களுக்குக் காட்டினார். இதுவரையில் அவர் செய்தது பகுத்தறிவுக் காரியம்தான். ஆனால் அடுத்தபடி என்ன செய்தார்? அந்த மரத்தின் பலகைகளைக் கொண்டே தன்னுடைய சாமிக்குக் கோயில் கட்டினார்! மரம் அதே மரம், சாமிதான் வேறு.

இங்கிலாந்துக்கு இதைவிடச் சாமர்த்தியமான வழி சொல்லிக் கொடுக்கப்பட்டது. 601ம் வருஷத்தில் ரோமாபுரிப் போப்பான கிரிகோரி அங்கிருந்த தன் ஆட்களுக்கு எழுதிய கடிதத்தில், பழைய கோயில்களை இடிக்க வேண்டாம், விக்கிரகங்களை மாத்திரம் அகற்றிவிட்டுக் கட்டடத்தை நம்முடையதாக்கிக்கொள்ளுங்கள், ஜனங்கள் பழகிய இடத்துக்கே வருவார்கள் என்று யோசனை சொன்னார். வீட்டுக்காரன் மாறினாலும் வாடகை தவறாமல் வர வேண்டும் என்பதுதான் இதன் தத்துவம். ஜனங்கள் பழைய இடத்துக்கே போய்க் குனிந்தார்கள். யாருக்குக் குனிகின்றோம் என்பது மாத்திரம் மாறிற்று.

பிற்காலத்தில் ஓக் மரத்தின் பரிசுத்தத்துக்கு மற்றொரு காரணமும் ஏற்பட்டது. ஒவ்வொரு கோயில்பற்றுக்கும் எல்லை உண்டு. எல்லை எதற்கு? தசமபாகம் என்ற பத்தில் ஒரு பங்கை எந்தக் குடியானவன் எந்தப் பாதிரிக்குச் செலுத்த வேண்டும் என்று தெரிவதற்கு. தேசப்படம் இல்லாத காலம். ஆகவே வருஷந்தோறும், கிறிஸ்து பரலோகம் ஏறினதாகச் சொல்லப்படும் திருநாளுக்கு முந்தின நாட்களில், பாதிரியும் ஊராரும் சேர்ந்து எல்லையைச் சுற்றி வருவார்கள். எல்லையில் நிற்கும் பெரிய ஓக் மரத்தடியில் நின்று, பாதிரி வேதத்தில் ஒரு பாகத்தை வாசித்து, பயிரை ஆசீர்வதிப்பார். அதனால் அந்த மரம் பரிசுத்த மரமாயிற்று. "வேத ஓக்" என்றும் அதைச் சொல்லுவார்கள். லண்டனில் இன்றும் அந்தப் பெயரில் ஒரு ரயில்வே ஸ்டேஷன் இருக்கின்றது. மரம்தான் இல்லை.

அந்த ஊர்வலத்தில் நடந்த ஒரு காரியத்தைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சின்னப் பையன்களைக் கூடவே அழைத்துப் போய், ஒவ்வொரு எல்லைக் குறியிலும் அவர்களைப் பிரம்பால் அடிப்பார்கள், அல்லது எல்லைக் கல்லின் மேல் தூக்கி மோதுவார்கள். ஏன்? இந்த இடத்தில் அடிபட்டோம் என்று கிழவனாகும் மட்டும் ஞாபகம் இருக்குமாம்! நாளைக்கு எல்லைத் தகராறு வந்தால் சாட்சி சொல்லுவானாம்! 1559ம் வருஷத்தில் எலிசபெத் ராணியார் காலத்தில் மற்ற எத்தனையோ மத ஊர்வலங்களை நிறுத்தினார்கள். இதை மாத்திரம் நிறுத்தவில்லை. பக்திக்காக நிறுத்தாமலிருந்தார்களா, எல்லைக்காக நிறுத்தாமலிருந்தார்களா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். 1791ம் வருஷத்தில் சர்க்கார் தேசப்படம் வரையும் இலாகா ஏற்பட்டு, ஒவ்வொரு ஜில்லாவுக்கும் அளந்து வரைந்த படங்கள் வர வர, மரத்துக்கும் மரியாதை குறைந்தது, பையன்களும் அடியிலிருந்து தப்பினார்கள். அளவுச் சங்கிலி வந்த இடத்தில் சாமி மரத்துக்கு வேலை இல்லாமற் போயிற்று.

இந்தப் பெயரைத் தாங்கிய ஒரு ஊரே லெஸ்டர்ஷயரில் இருந்தது. ஹோலியோக்ஸ் என்று பெயர். 1086ம் வருஷத்தில் வில்லியம் மன்னன் தன் ராஜ்யத்தின் சொத்துக் கணக்கை எடுத்து எழுதிய பெரிய புஸ்தகத்திலேயே அந்த ஊர் காணப்படுகின்றது. ஆனால் இன்று அது குடியழிந்த ஊர். வெள்ளமா வந்தது? இல்லை. ஆட்டு ரோமத்துக்கு நல்ல விலை வந்தது. 15ம் நூற்றாண்டின் கடைசியில் நிலச்சுவான்தார்கள் பல ஊர்களில் உழுநிலத்தை வேலியடைத்து ஆடு மேய்க்க விட்டபோது, இங்கேயும் ஏர் நின்றது. ஏர் பிடித்தவர்களும் வெளியேற வேண்டியதாயிற்று. ஊரின் பெயரிலேயே பரிசுத்த மரம் இருந்தது. வீட்டை இழந்த குடியானவனுக்கு அந்த மரம் என்ன செய்தது? ஒரு கிளையை அசைத்ததா? சாமியின் பெயரை ஊருக்கு வைத்தால் ஊர் பிழைக்கும் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

நிற்க, அந்தப் பெயர் மாத்திரம் ஊரை விட்டு நடந்து போயிற்று. எங்கெங்கே போயிற்று என்று பாருங்கள்.

வாரிக்ஷயரில் சௌதம் என்ற ஊரில் பிரான்சிஸ் ஹோலியோக் என்ற பாதிரியார் இருந்தார். 1653ம் வருஷத்தில் காலமானவர். லத்தீன் அகராதி தயாரித்தவர். அவருக்குத் தன் பெயர் இங்கிலீஷில் இருப்பது போதவில்லை. லத்தீனில் "பரிசுத்த ஓக் மரத்துப் பிரான்சிஸ்" என்று மொழிபெயர்த்து எழுதிக்கொண்டார். சாதாரணப் பெயரைச் செத்த பாஷையில் சொன்னால் அதற்கு ஒரு தேஜஸ் வந்துவிடுகின்றது என்ற எண்ணம் எல்லாத் தேசத்துப் பண்டிதர்களுக்கும் பொதுவாயிருக்கின்றது!

அதே 17ம் நூற்றாண்டில் டாம்வொர்த் என்ற ஊரிலிருந்து ஒரு ஹோலியோக் குடும்பம் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போயிற்று. அங்கே பெயரில் ஒரு எழுத்தை விட்டுவிட்டு எழுதினார்கள். அந்தக் குடும்பத்து எலிசர் என்பவர் மாசசூசெட்ஸில் குடியேறினார். அங்குள்ள மலைக்கு அவர் பெயர் வந்தது. மலையின் பெயரால், 1837ம் வருஷத்தில் மேரி லயன் என்னும் அம்மையார் பெண்களுக்கென்று ஸ்தாபித்த கல்விச்சாலைக்கும் பெயர் வந்தது. அந்தக் காலத்தில் பெண்களுக்கு உயர்ந்த படிப்பு எதற்கு என்று கேட்டவர்களே அதிகம். அதே குடும்பத்து எட்வர்ட் என்பவர் 1737 முதல் 1769 வரை ஹார்வர்ட் கலாசாலையின் தலைவராயிருந்தார். அந்தப் பக்கத்தில் ஹோலியோக் என்று ஒரு பட்டணமும் உண்டு. காகித ஆலைகளுக்குப் பேர்போனது. நம் ஊர்ப் பையன்கள் மாலையில் வலை கட்டி ஆடுகின்றார்களே வாலிபால், அந்த ஆட்டம் 1895ம் வருஷத்தில் அந்தப் பட்டணத்தில்தான் முதன்முதலில் ஏற்படுத்தப்பட்டது.

நியூஸிலாந்தில் கீத் ஹோலியோக் என்பவர் 1957லும், பிறகு 1960 முதல் 1972 வரையிலும் பிரதம மந்திரியாயிருந்தார். 12 வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு வயல் வேலைக்குப் போனவர் அவர். இங்கிலாந்திலேயே ஒரு ஹோலியோக், 1833ம் வருஷத்தில் வேறொரு குடும்பத்தின் ஆஸ்தி கிடைத்தவுடன் அந்தக் குடும்பத்தின் பெயரையும் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். சொத்து வந்தால் பெயரும் நீளும் போலும்!

ஒரே பெயர், பாதிரி, கலாசாலைத் தலைவர், வயலிலிருந்து வந்த மந்திரி, ஆஸ்திக்காரர் ஆகிய இத்தனை பேர் அதைச் சுமந்திருக்கின்றார்கள். பெயரில் ஏதாவது குணம் இருந்திருந்தால் இவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இருந்திருக்க வேண்டுமல்லவா? இனி, அந்தப் பெயரின் அர்த்தத்துக்கு நேர் விரோதமாய் நின்ற மனிதரைப் பற்றிச் சொல்லுகின்றோம்.

ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக் 1817ம் வருஷம் ஏப்ரல் 13ந் தேதி பர்மிங்ஹாமில் பிறந்தார். தகப்பனார் இரும்பு வார்ப்புச் சாலையில் தகர வேலை செய்யும் தொழிலாளி. தாயார் பித்தான் செய்து குடும்பத்துக்குச் சம்பாதித்தவர். சிறு பிராயத்திலேயே ஹோலியோக்கும் தகப்பனாருடன் அதே வார்ப்புச் சாலைக்கு வேலைக்குப் போனார். இரவில் தொழிலாளர்களுக்கென்று இருந்த கல்விச்சாலையில் படித்தார்.

அவர் குழந்தையாயிருந்தபோது வீட்டில் நடந்த ஒரு சம்பவத்தை அவரே பிற்காலத்தில் கோர்ட்டில் சொல்லியிருக்கின்றார். ஈஸ்டர் பண்டிகைக்கு ஒவ்வொரு குடும்பமும் பாதிரிக்குச் சில்லறைக் காசு கட்ட வேண்டும். கட்டத் தவறினால் சம்மன் வரும். சம்மன் செலவு காசைவிடப் பல பங்கு அதிகம். அந்த வருஷம் ஹோலியோக்கின் தங்கை நோயாய்ப் படுத்திருந்தாள். கையிலிருந்த காசு குழந்தைக்கு வேண்டியிருந்தது. ஆனாலும் சம்மனுக்குப் பயந்து தாயார் காசை எடுத்துக்கொண்டு கட்டப் போனார். அங்கே அவரை மணிக்கணக்காய்க் காக்க வைத்தார்கள். வீட்டுக்குத் திரும்பி வந்து பார்க்கையில் குழந்தை செத்திருந்தது. தோழர்களே, இதற்கு மேல் அந்தப் பிள்ளைக்கு நாஸ்திகம் போதிக்க இங்கர்சால் வர வேண்டுமா, வால்டேர் வர வேண்டுமா?

பெரியவரானதும் ராபர்ட் ஓவன் என்பவரின் சமதர்மக் கொள்கையில் சேர்ந்தார். 1839ம் வருஷத்தில் எலினார் வில்லியம்ஸ் என்ற அம்மையாரைக் கோயிலில் அல்லாமல் ரிஜிஸ்தர் ஆபீஸில் கலியாணம் செய்துகொண்டார். பாதிரியில்லாமல் அங்கே கலியாணம் செய்துகொள்ள முடியும் என்று சட்டம் வந்து அப்போது மூன்று வருஷம்கூட முழுதாய் ஆகவில்லை. பிறகு ஊர் ஊராய்ப் பிரசங்கம் செய்யும் வேலையில் அமர்ந்தார்.

1842ம் வருஷம் மே மாதம் செல்ட்டன்ஹாம் என்ற ஊரில் ஏழைகளுக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றும் திட்டத்தைப் பற்றிப் பேசினார். பேச்சில் மதத்தைப் பற்றி ஒன்றுமில்லை. பேச்சு முடிந்ததும் ஒருவர் எழுந்து, "மனிதனுக்குச் செய்ய வேண்டிய கடமையைச் சொன்னீர், கடவுளுக்குச் செய்ய வேண்டிய கடமையைச் சொல்லவில்லையே" என்று கேட்டார். மழுப்பி விட்டிருக்கலாம். அவர் மழுப்பவில்லை. ஜனங்கள் பட்டினி கிடக்கும்போது கோயிலுக்கும் பாதிரிக்கும் கோடிக்கணக்காய்ச் செலவாகின்றது, இவ்வளவு ஏழைகளாய் இருப்பவர்களுக்குக் கடவுள் கட்டுபடியாகாது, சர்க்காரார் வேலையில்லாத பட்டாள அதிகாரிகளுக்கு அரைச் சம்பளம் போடுகின்ற மாதிரிக் கடவுளையும் அரைச் சம்பளத்தில் வைக்கலாம் என்ற கருத்தில் பதில் சொன்னார். தம்மைப் பொறுத்தமட்டில் அப்படியொன்று இருப்பதாக நம்பவில்லை என்றும் ஒளிக்காமல் சொன்னார்.

அவ்வளவுதான். பத்திரிகைகள் கூச்சல் போட்டன. அவரைப் பிடித்துக் கைவிலங்கு மாட்டி, குளஸ்டர் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். ஆகஸ்டு மாதம் ஜூரியின் முன் விசாரணை நடந்தது. வயது 25. வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. தாமே எழுந்து ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வாதாடினார். ஆறு மாதம் ஜெயில் தண்டனை கிடைத்தது. அவர் ஜெயிலில் இருக்கையில் அவருடைய சிறு பெண் குழந்தை மேடலின் இறந்துபோயிற்று. தங்கை ஒருத்தி பாதிரியின் காசுக்காகத் தாய் பக்கத்தில் இல்லாமல் செத்தாள். மகள் ஒருத்தி பாதிரியின் கோபத்துக்காகத் தகப்பன் பக்கத்தில் இல்லாமல் செத்தாள். பெயரோ பரிசுத்த ஓக் மரம்!

ஜெயிலிலிருந்து வெளிவந்தவர் மன்னிப்புக் கேட்டாரா? இல்லை. பழிவாங்குவேன் என்று குதித்தாரா? அதுவும் இல்லை. 1846ம் வருஷத்தில் பத்திரிகை ஆரம்பித்தார். "நாஸ்திகன்" என்ற சொல்லைக் கேட்டவுடன் ஜனங்கள் ஒழுக்கம் கெட்டவன், குடிகாரன், நம்பத் தகாதவன் என்று அர்த்தம் செய்துகொள்ளுகின்றார்கள் என்பதைக் கண்டார். ஆகவே தம் கொள்கைக்கு ஒரு புதிய பெயர் வேண்டுமென்று யோசித்து, 1851ம் வருஷத்தில் "செக்யூலரிஸம்" என்ற சொல்லைச் செய்தார். லத்தீனில் உலகம், காலம் என்று பொருள்படும் ஒரு சொல்லிலிருந்து வந்தது இது. மறு உலகம் உண்டா இல்லையா என்ற வம்புக்குப் போகாமல், இந்த உலகத்தில், இந்தக் காலத்தில், மனித முயற்சியினாலும் அறிவினாலும் மனிதனுடைய வாழ்வைச் சீர்படுத்துவதே கடமை என்பது அதன் தத்துவம். மதம் வைத்திருப்பவன் வைத்துக்கொள்ளட்டும். பொதுக் காரியத்தையும் கல்வியையும் அது ஆளக்கூடாது என்பது அதன் முடிவு. நாஸ்திகத்தையே உரக்கச் சொல்ல வேண்டும் என்ற பிராட்லாவுக்கும் அவருக்கும் இதில் அபிப்பிராய பேதம் இருந்தது. அந்த இருவரும் ஒரே மேடையில் வாதமும் செய்திருக்கின்றார்கள். அது தோழர்களுக்குள் நடக்கும் வாதம்.

அவர் பேச்சோடு நிற்கவில்லை. ராச்டேல் என்ற ஊரில் 1844ம் வருஷத்தில் 28 பேர் சேர்ந்து ஆரம்பித்த கூட்டுறவுக் கடையின் கதையை எழுதி உலகமெங்கும் பரப்பியவர் அவரே. மான்செஸ்டரில் கூட்டுறவுக்காரர்கள் 1911ம் வருஷத்தில் கட்டிய தங்கள் தலைமைக் கட்டடத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். ஏழைகள் பத்திரிகை படிக்க முடியாதபடி சர்க்கார் விதித்திருந்த ஸ்டாம்பு வரியை மீறி நடந்ததற்காக அவர்மேல் வழக்குப் போட்டார்கள். 1855ம் வருஷத்தில் வரியே ஒழிந்தது. நீதி ஸ்தலத்தில் கடவுள் பேரால் பிரமாணம் செய்யாதவனுடைய சாட்சி செல்லாது என்ற அநியாயத்தை அவரும் அவர் தோழர்களும் ஓயாமல் எதிர்த்தார்கள். 1869ம் வருஷத்தில், நம்பிக்கையில்லாதவர்கள் உறுதிமொழி கூறியே சாட்சி சொல்லலாம் என்று சட்டம் வந்தது. 1899ம் வருஷத்தில் பகுத்தறிவுப் பிரசுர சங்கம் ஏற்பட்டபோது அதன் முதல் தலைவராயிருந்து, 1906ம் வருஷம் ஜனவரி 22ந் தேதி பிரைட்டன் நகரில் காலமானார். அவரை ஜெயிலுக்கு அனுப்பிய தெய்வ நிந்தனைச் சட்டம் மட்டும் அவருக்குப் பிறகும் நூறு வருஷத்துக்கு மேல் இருந்து, 2008ம் வருஷத்தில்தான் இங்கிலாந்தில் ஒழிக்கப்பட்டது. மூடத்தனத்துக்கு ஆயுள் எவ்வளவு கெட்டி என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

அவர் செய்த சொல் நம் ஊருக்கும் வந்தது. சென்னையில் இலௌகிக சங்கம் என்று ஒரு சங்கம் இருந்தது. செக்யூலர் என்பதைத்தான் இலௌகிகம் என்று தமிழ்ப்படுத்திக்கொண்டார்கள். அந்தச் சங்கத்தார் 1882 முதல் 1888 வரை "தத்துவ விவேசினி" என்ற தமிழ்ப் பத்திரிகையை நடத்திக் கடவுள், ஜாதி, சடங்கு எல்லாவற்றையும் கேள்வி கேட்டார்கள். நம் இயக்கத்துக்குச் சுமார் நாற்பது வருஷத்துக்கு முன்னேயே, ஒரு பர்மிங்ஹாம் தகர வேலைக்காரர் செய்த சொல்லை வைத்துக்கொண்டு இந்தப் பட்டணத்திலே எழுதியவர்கள் இருந்தார்கள் என்பது நமக்கு எவ்வளவு பெருமை! கடைசியாக, 1976ம் வருஷத்தில் செய்த 42வது திருத்தத்தினால் இந்திய அரசியல் சட்டத்தின் முகவுரையிலேயே அந்தச் சொல் ஏறிற்று. மதச்சார்பற்ற என்று நாம் சொல்லுகின்றோமே, அதன் மூலச் சொல்லைப் பெற்ற தகப்பன் பெயர்தான் ஹோலியோக்.

ஒருவர் கேட்கலாம்: "அவ்வளவு பகுத்தறிவுள்ளவர், பரிசுத்த மரம் என்ற பெயரை ஏன் விட்டுவிடவில்லை?" நியாயமான கேள்விதான். அந்தப் பெயர் யாரையும் தாழ்த்தவில்லை. அந்தப் பெயரைக் கேட்டு யாரும் திண்ணையை விட்டு இறங்கச் சொல்லவில்லை, யாரும் எழுந்து கும்பிடவுமில்லை. அது வெறும் விலாசம். பிறரைத் தாழ்த்துகின்ற பெயரையும், பிறப்பினால் மரியாதை கேட்கின்ற பெயரையும் விட்டுத்தான் ஆக வேண்டும். மற்றப் பெயர் எதுவாயிருந்தால் என்ன? அதை வைத்திருப்பவன் என்ன செய்கின்றான் என்பதே விஷயம்.

ஆகவே தோழர்களே, அந்த எல்லை மரத்துக்குப் பரிசுத்தம் கொடுத்தது பாதிரியின் வாசகம். அந்தப் பெயருக்கு மரியாதை கொடுத்தது ஒரு தொழிலாளியின் நேர்மை. "உன் நம்பிக்கை என்ன?" என்று செல்ட்டன்ஹாம் கூட்டத்தில் ஒருவன் கேட்டபோது, ஜெயில் வாசல் தெரிந்தும் அவர் உள்ளதைச் சொன்னார். நம்மையும் தினம் யாராவது அப்படிக் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றார்கள். கலியாண வீட்டில் கேட்கின்றார்கள், சாவு வீட்டில் கேட்கின்றார்கள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கையில் கேட்கின்றார்கள். அப்போது நாமும் மழுப்பாமல் உள்ளதைச் சொல்ல வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.